முளைகட்டிய தானியமும் நம் வீட்டுப் பிள்ளையும்
(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு முளைகட்டிய தானியத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். "இதென்ன பெரிய விசயமா?" என்று சிலர் நினைக்கலாம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த கணக்கைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் 32 பேர். ஆகவே, இது நம் பிள்ளைகளின் விசயம்.

பெரட்டுக்குப் போகுமுன் நாம் சுடுவது வெள்ளை மாவு ரொட்டி. அந்தக் கோதுமை கப்பலில் வருகிறது. திருகோணமலையில் பெரிய ஆலை 1980 முதல் அரைக்கிறது. வெள்ளை மாவாக்கும்போது தவிடும் முளைப்பகுதியும் பிரிந்து போகும். இரும்புச் சத்து, நார்ச்சத்து பெரும்பாலும் அவற்றில்தான் உண்டு. தவிடு மாட்டுக்கு, வெறும் மாவு நமக்கு! அந்த மாவையும் முழுக்க நம்பியிருக்க முடியாது. 1974 பஞ்சம் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022இல் மாவு விலை ஏறியது எல்லாருக்கும் தெரியும்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் வரண்ட பூமி. ஆறு கிடையாது, பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். அங்கே சனங்களைக் காப்பாற்றியது பனை. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, முளைவிட்ட கிழங்கை மூன்று நாலு மாதத்தில் கிண்டி எடுப்பார்கள். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பு நீரை வடித்துவிட்டுப் பிட்டும் கூழும் செய்வார்கள். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, வடக்கிற்குச் சாமான் வருவது தடைப்பட்டபோதும் ஒடியலும் குரக்கனும் கைகொடுத்தன.

இங்கே பனை இல்லை. ஆனால் அந்தப் புத்தியை நாம் எடுத்துக்கொள்ளலாம். முழுக் கோதுமை, குரக்கன், பயறு எதுவானாலும் சரி. சாப்பாட்டுக்கு விற்பதையே வாங்குங்கள். விதைக்கென்று மருந்து தடவி விற்பது வேண்டாம்.

1. கல் பொறுக்கி, நன்றாகக் கழுவி, இரவில் ஊறவையுங்கள்.
2. காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.
3. ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை தெரியும். நம் மலைக் குளிரில் இன்னும் ஒரு நாள் எடுக்கலாம். கெட்ட வாடையோ பூஞ்சணமோ வந்தால் வீசிவிடுங்கள்.

முளைத்த கோதுமையை உப்புப் போட்டு மெதுவாகும்வரை அவித்து, தேங்காய்ப்பூ சேர்த்துச் சாப்பிடலாம். முன்கூட்டியே ஊறியதால் விறகும் மிச்சம். சிறு பிள்ளைக்குக் குரக்கன் நல்லது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முளைத்ததை வெயிலில் உலர்த்தி, இலேசாக வறுத்து, அரைத்துச் சலித்துக் கஞ்சி காய்ச்சுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். முளையைப் பச்சையாக மட்டும் கொடுக்காதீர்கள், வயிற்றோட்டம் வரும்.

முளைகட்டினால் தானியத்திலுள்ள இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். ஆனால் நாம் பறிக்கும் தேயிலையே அதைத் தடுக்கும்! சாப்பாட்டோடு பிளேன் டீ வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது.

மிஞ்சிய ஒரு பிடி கோதுமையை லயத்து வாசலில் ஒரு பழைய தகரத்தில் மண் போட்டுத் தூவிப் பாருங்கள். பத்து நாளில் பச்சைப் புல் நிற்கும். கோழிக்கும் ஆட்டுக்கும் ஆகும், பிள்ளைகளுக்கும் விதை முளைப்பது புரியும்.

ஒரேயடியாக ரொட்டியை விடச் சொல்லவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் போதும். அப்பாமாரும் தானியத்தை அலசித் தரலாம், அதற்குக் கொழுந்துக் கூடை தேவையில்லை! அடுத்த முறை பிள்ளைகளை நிறுக்கும் நாளில் யார் யார் செய்தீர்கள் என்று கேட்பேன்.