காற்றாலைக்கு முன் கடலடிக் கணக்கு

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டிய ஓடைகளில், மழை அரித்த மண்ணிலிருந்து சுருள்சுருளான கல் ஓடுகள் வெளிப்படுகின்றன. இன்று உலகில் எங்குமே உயிரோடில்லாத அம்மோனைட் என்னும் கடல் பிராணியின் ஓடுகள் அவை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லிலோ அடுக்கடுக்காகச் சிப்பிகள். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இரு மாவட்டங்களுக்குள் புகுந்த கடல், ஏறியும் இறங்கியும் பல கோடி ஆண்டுகள் இங்கே கிடந்தது. அதன் தரையில் வாழ்ந்த முதுகெலும்பில்லாத சிற்றுயிர்கள்தான் இப்பகுதியின் சுண்ணாம்புக்கல்லுக்கு மூலம். அதுபோன்ற சிற்றுயிர்கள் இன்றும் வாழும் மன்னார் வளைகுடாவில், இப்போது கடலுக்குள்ளேயே காற்றாலை நிறுவும் திட்டம் பேசப்படுகிறது. 2024 ஜூன் மாதம் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் என்பது அதில் உள்ள பங்கு. முதல் தூண் கடலில் இறங்குவதற்கு முன்பே, அந்தத் தரையில் வாழும் சங்கு, சிப்பி, புழு, நண்டு, கடல் அட்டை ஆகியவற்றை இடம்வாரியாகவும் பருவம்வாரியாகவும் எண்ணிப் பதிந்துவிட வேண்டும் என்பது என் வாதம். அதற்கான முதல் சான்று அரியலூர் மண்ணிலேயே இருக்கிறது.

இங்குள்ள பாறைகளை நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்து, 1862-இல் வெளிவந்த அறிக்கையில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவற்றில் கிடைத்த உயிரினங்களைத் தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை பகுதி பகுதியாக விவரித்து வெளியிட்டார். அப்போது இந்த வட்டாரத்தில் ஒரு சிமெண்ட் ஆலைகூடக் கிடையாது. பெரிய அளவில் தோண்டத் தொடங்குவதற்கு முன்பே எடுத்த கணக்கு என்பதால்தான், இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். கல்லங்குறிச்சிப் பாறையில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பி குவிந்த அடுக்கும் உண்டு, இனோசெரமஸ் என்னும் வேறொரு சிப்பி மிகுந்த அடுக்கும் உண்டு. எது எதற்கு மேலே இருந்தது என்று தெரிந்தால், கடலின் ஆழமும் அலையின் வேகமும் எப்படி மாறின என்று படிக்கலாம். அதே சிப்பி லாரியில் ஏறி ஆலை முற்றத்தில் கொட்டப்பட்டுவிட்டால் அழகான கல்லாக மட்டுமே மிஞ்சும். எந்த இடம், எந்த அடுக்கு என்ற குறிப்புப் போனால் அறிவும் போய்விடுகிறது. 2020-இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று நினைத்து ஊரே திரண்டது. அவை கனிமம் திரண்டு உருவானவை என்று பிறகு தெரிந்தது. பெரிய விலங்குக்குக் கூடுகிற கூட்டம் ஒரு சிப்பிக்குக் கூடுவதில்லை. இந்தக் கடலின் வரலாற்றைச் சொல்பவை பெரும்பாலும் அந்தச் சிப்பிகளே.

உயிருள்ள கடலடியில் இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது? கப்பலிலிருந்து இரும்புக் கவ்வி ஒன்றை இறக்கி, குறித்த பரப்பளவு மண்ணை அள்ளுகிறார்கள். அதை நுண்சல்லடையில் அலசி, தங்கும் உயிர்களை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். பாறைத் தரையாக இருந்தால் கேமரா இறங்கும். ஒரே முறை இதைச் செய்து முடித்துவிடலாமா என்றால், கூடாது. அதற்கு மன்னார் வளைகுடாவே பதில் சொல்லியிருக்கிறது. இலங்கைப் பக்கத்தில் முத்துக்குளிப்புப் பல ஆண்டுகள் பொய்த்துப்போனதால், காரணம் அறிய விலங்கியலாளர் வில்லியம் ஹெர்ட்மன் 1902-இல் அழைக்கப்பட்டார். அந்த மார்ச் மாதம் பெரிய பார் என்னும் திட்டில் இளஞ்சிப்பிகள் ஏராளமாக இருந்தன. நவம்பரில் பார்த்தபோது அவை இல்லை. இடையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் கடந்திருந்தது. மார்ச்சில் மட்டும் எண்ணியவர் செழிப்பு என்று எழுதுவார், நவம்பரில் மட்டும் எண்ணியவர் பாழ் என்று எழுதுவார். இரு பருவமழையையும் உள்ளடக்கிய ஓராண்டுக் கணக்காவது இல்லாவிட்டால், பின்னாளில் சிப்பி குறைந்ததற்குக் காற்றாலை காரணமா கடலின் இயல்பு காரணமா என்று யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது.

தூண்கள் நிற்கும் இடம் மொத்தக் கடலில் எவ்வளவு, இதற்குப் போய் இத்தனை ஏற்பாடா என்று கேட்பவர்கள் உண்டு. தூணின் அடிப்பரப்பு சிறியதுதான். ஆனால் மின்வடம் புதைக்கத் தரையைக் கிளற வேண்டும். கிளம்பிய வண்டல் நீரோட்டத்தோடு போய் வேறிடத்தில் படியும். தூணைச் சுற்றி மணல் அரிக்கும். மணல் தரையில் திடீரென்று ஒரு கெட்டியான பரப்பு முளைத்தால், அதுவரை அங்கே இல்லாத உயிர்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலையில் தூண்களையும் அடியிலிட்ட கற்களையும் மட்டிகள் போன்ற உயிர்கள் பற்றிக்கொண்டன. இது நன்மையா தீமையா என்று அங்கே சான்றோடு விவாதிக்க முடிகிறது, காரணம் கட்டுவதற்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள்.

புவி வெப்பமடையும் காலத்தில் தூய மின்சாரத்தைத் தாமதிக்கலாமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். எனக்கும் கடல் காற்றாலை வேண்டும், விரைவாகவே வேண்டும். ஆனால் ஆலை அமைக்குமுன் அந்த இடத்துக் காற்றை எல்லாப் பருவத்திலும் அளக்கத்தானே வேண்டும்? குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அதற்கென்றே 2017-இல் கடலுக்குள் மேடை அமைத்துக் கருவி வைத்தார்கள். மேலே காற்றை அளக்கும் அதே மாதங்களில் கீழே தரையையும் அளந்தால், அதற்கெனத் தனியாக ஒரு நாளும் வீணாவதில்லை. முதலீட்டாளருக்காக அளப்பதைக் காத்திருப்பு என்று யாரும் குறை சொல்வதில்லை. சங்குக்காக அளந்தால் மட்டும் ஏன் அது தாமதம் ஆகிறது?

அரியலூரிலிருந்தே ஒரு மறுப்பு எழலாம். சுரங்கம் வெட்டியதால்தானே இத்தனை புதைபடிவங்கள் கண்ணில் பட்டன? உண்மைதான். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த மண்ணில் என்னென்ன கிடைத்திருக்கின்றன என்று பார்க்கலாம். ஆனால் சுரங்கச் சுவர் நிலையானதல்ல. அடுத்த வெடி வைத்ததும் போய்விடும். அது திறந்திருக்கும்போதே படமெடுத்து, அடுக்கைக் குறித்து, மாதிரி எடுப்பது ஒவ்வொரு குத்தகையிலும் நிபந்தனையாக வேண்டும். கடலுக்கும் இதே விதி பொருந்தும். எண்ணிய கணக்கு நிறுவனத்தின் அலமாரியில் தூங்காமல், மாதிரிகளோடு பொதுவில் இருக்க வேண்டும். எந்தக் கடலடித் திட்டில் எந்த மாதம் சங்கு கிடைக்கும் என்று அறிந்த தூத்துக்குடிச் சங்குகுளியாளர்களை, எங்கே கவ்வியை இறக்குவது என்று முடிவுசெய்யும் நாளிலேயே கூலியோடு அழைத்துக்கொள்ள வேண்டும். திட்டம் முடிவான பிறகு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர்களை உட்கார வைத்தால், தூண் இடம் மாற அப்போது வழியிருக்காது.