படத்தில் இல்லாத பாட்டு



தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறியிருக்கும் நாம், எந்த ஊருக்குப் போனாலும் காப்பி வடிகட்டியையும் பஞ்சாங்கத்தையும் போலவே ஒரு கேள்வியையும் கூடவே எடுத்துச் செல்கிறோம். செவிக்கு இனிய பாட்டு ஒன்று எங்கிருந்தேனும் காற்றில் வந்துவிட்டால், "இது எந்தப் படம்?" என்று கேட்பதே அந்தக் கேள்வி. பாட்டு என்று ஒன்று இருந்தால், அதற்குத் தாய்வீடாக ஒரு படம் இருந்தே தீரவேண்டும் என்பது நம்மில் பலருடைய திடமான நம்பிக்கை. கோயிற்பாட்டும் கச்சேரிக் கீர்த்தனையும் இதற்கு விலக்கு. மற்றவை யாவும் திரைக்குச் சொந்தம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம்.

2005-ஆம் ஆண்டில் தில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் நாம் குடிபுகுந்தபோது, எதிர்வீட்டில் ஒரு வங்காள அன்பர் இருந்தார். நம்மைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர். கணக்குத் துறை ஊழியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடுகெண்ணெயின் வாசனையும் ஒரு பாட்டும் அவர் வீட்டிலிருந்து சேர்ந்து வரும். கிதாரும் புல்லாங்குழலும் கலந்த பாட்டு. நாட்டுப்பாடலின் சாயலும் உண்டு, நகரத்துச் சோர்வும் உண்டு. ஒருநாள் படியில் எதிர்ப்பட்டபோது, வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டோம். அவர் முகம் சற்றே வாடிற்று. "படமா? இது படத்தில் இல்லை ஐயா, இது பாட்டு" என்றார்.

அன்று மாலை தேநீருடன் அவர் சொன்ன வரலாறு இது. 1975-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயரும் நண்பர்களுமாக ஏழு பேர் ஒரு குழு அமைத்தார்கள். "மஹீனின் குதிரைகள்" என்று பொருள்படும் 'மொஹீனேர் கோராகுலி' என்பது குழுவின் பெயர். கவிஞர் ஜீவனானந்த தாஸ் எழுதிய கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது. 1977 முதல் 1979 வரை மூன்று சிறிய இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். பாவுல் பாடகரின் மெட்டும், மேனாட்டு ராக் இசையும், டிராம் வண்டி ஓடும் நகரத்தின் அன்றாட ஏக்கமும் அவற்றில் கலந்திருந்தன. அக்காலத்தார் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1981-இல் குழு கலைந்தது. 1995-இல் கௌதம் சட்டோபாத்யாயர் இளைய பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தொகுப்பை வெளியிட்டபோதுதான், கல்கத்தாவின் கல்லூரி மாணவர் கூட்டம் அதை வாரி அணைத்துக்கொண்டது. அவர் 1999-இல் காலமானார். 2006-இல் இந்திப் படம் ஒன்றில் அந்தத் தொகுப்பின் பாட்டு ஒன்று வேறு சொற்களுடன் ஒலித்தது. நாடு முழுவதும் முணுமுணுத்தது. எதிர்வீட்டு அன்பர் அதைக் கேட்கும்போதெல்லாம், களவுபோன தம் வீட்டுக் குடத்தை அடுத்த தெருவில் கண்டவரைப் போல் ஆகிவிடுவார்.

இவ்வகைப் பாட்டை இன்று 'இண்டி' இசை என்கிறார்கள். சுதந்திரமானது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் செல்லச் சுருக்கம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இச்சொல்லைத் தமிழாக்குவது ஒரு சிறு தலைவேதனை. 'சுதந்திர இசை' என்றால் ஆகஸ்டு மாதக் கொடியேற்றம் நினைவுக்கு வருகிறது. 'சுயாதீன இசை' என்பது வழக்கில் வந்துவிட்டது. ஆயினும் கோப்பில் வரும் தன்னாட்சி நிறுவனத்தின் வாடை அதில் சற்று வீசுகிறது. 'தனியிசை' என்று சொல்வாரும் உண்டு. இப்பேச்சுக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

எதிலிருந்து சுதந்திரம் என்று கேட்கலாம். இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்து 'பஸ்காக்ஸ்' என்னும் குழு, உறவினரிடமும் நண்பரிடமும் ஐந்நூறு பவுண்டு கடன் வாங்கி, 1977-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தாங்களே ஒரு தட்டை அச்சிட்டு விற்றது. முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகள். முடிவில் விற்றவை பதினாறாயிரம். பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை என்ற தைரியம் அதனால் பலருக்குப் பிறந்தது. அங்கே சுதந்திரம் என்பது நிறுவனத்திலிருந்து. நம் நாட்டிலோ, அது முதலாவதாகத் திரைப்படத்திலிருந்து.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. அதே 1977-ஆம் ஆண்டில் நமது உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. கூலி பெற்றுக்கொண்டு படத்துக்கென்று பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அப்பாட்டில் உரிமை இல்லை. படம் எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர் என்பது அதன் சாரம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டில் செய்த திருத்தம்தான், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் வருவாயில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு பங்கைத் தந்தது. இடையில் கழிந்தவை முப்பத்தைந்து ஆண்டுகள். படத்துக்கு வெளியே பாடுவது ஏன் சிலருக்கு மானப்பிரச்சினை ஆயிற்று என்பது இதிலிருந்து விளங்கும்.

வானொலிக்கும் இதில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் அவர்கள் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு விடைபெற்றுக்கொண்டது. அந்த இடத்தை நிரப்ப மெல்லிசை என்ற புதிய பயிரை நிலையங்களே விளைவித்தன. நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்! 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்த பிறகே அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆணையிட்டு ரசனையை வளர்க்க இயலாது என்பது உண்மையே. ஆனால் அந்த மெல்லிசையில் சில அருமையான பாட்டுகள் இருந்தன என்பதையும், படம் எதிலும் இல்லாத காரணத்தாலேயே அவை மறதியில் புதைந்தன என்பதையும் வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீண்டும் தில்லிக்கு வருவோம். கல்கத்தாவை அறிமுகம் செய்த எதிர்வீட்டு அன்பரே, நாம் வாழும் நகரத்தையும் நமக்கு அறிமுகம் செய்தார். 'இந்தியன் ஓஷன்' என்னும் குழு 1990-இல் தில்லியில் தொடங்கியது. சுஷ்மித் சென் கிதார். அஸீம் சக்ரவர்த்தி தபலாவும் பாட்டும். பின்னர் ராகுல் ராமும் அமித் கிலமும் வந்து சேர்ந்தார்கள். 1997-ஆம் ஆண்டுப் பிறப்பன்று, சப்தர் ஹாஷ்மி நினைவு நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்ததை அப்படியே பதிவு செய்து 'டெஸர்ட் ரெயின்' என்று வெளியிட்டார்கள். 2000-இல் வந்தது 'கந்தீஸா'. அந்தப் பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதி. சிரியாக் மொழியில் அமைந்தது. பாடியவர்களுக்கு அது தாய்மொழியன்று; கேட்பவர் ஆயிரத்தில் ஒருவருக்கும் பொருள் தெரியாது. இருந்தும் மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கூடப் பாடுவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அதே தொகுப்பில் 'மா ரேவா' என்ற பாட்டும் உண்டு. ரேவா என்பது நர்மதையின் மறுபெயர். நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களின் போராட்டத்தில் பங்கேற்ற ராகுல் ராம், அங்கிருந்து கொண்டுவந்த நாட்டுப்பாடல் அது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 'கந்தீஸா'வை நாம் பல ஆண்டுகள் கேட்டது, நடைபாதைக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கிய கள்ளப் பிரதியில். அந்த இருபதில் ஒரு காசும் பாடியவரைச் சேர்ந்திராது. அன்று அது நமக்கு உறைக்கவில்லை. 2009 டிசம்பரில் அஸீம் சக்ரவர்த்தி மாரடைப்புக்குப் பின் மீளாமலே மறைந்த செய்தியைப் படித்தபோது, இறுதிச் சடங்குக்குப் போகாத உறவினரைப் போல் கூசினோம். ஆண்டுக்கணக்கில் நம் வீட்டில் பாடியவருக்கு, நாம் கொடுத்தது ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு அக்குழுவினர் நம்மை மேலும் வெட்கப்பட வைத்தார்கள். '16/330 கஜூர் ரோடு' என்னும் தொகுப்பை, மாதத்துக்கு ஒரு பாட்டாக, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வெளியிட்டார்கள். மறைந்தவரின் குரல் அதில் இருந்தது. அந்த முகவரி, கரோல் பாகில் அவர்கள் நெடுநாள் ஒத்திகை பார்த்த பழைய வீடு. தில்லித் தமிழருக்குக் கரோல் பாக் புதிதன்று. இட்லி மாவுக்கும் வெற்றிலைக்கும் அங்கே போனவர்கள்தாம் நாம் எல்லோரும். எத்தனை முறை அந்தச் சாலையின் அருகே பையுடன் நடந்து போயிருப்போமோ! அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பிடித்த குழு ஊருக்கு வந்தால் நுழைவுச் சீட்டு வாங்கிப் போவது. இயன்றபோது தொகுப்பை விலை கொடுத்து வாங்குவது.

இந்த வழக்கத்தால் தேடும் பழக்கமும் வந்தது. நாகாலாந்தின் டெட்ஸியோ சகோதரிகள் சோக்ரி மொழியில் 'லி' என்னும் மரபுப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். நான்கு குரலும் ஒரே நூலில் கோத்தது போல் இருக்கும். கேரளத்தில் 2008-இல் முதல் தொகுப்பு வெளியிட்ட ஒரு ராக் குழுவின் பெயர் 'அவியல்'. பெயருக்காகவே நாம் வாங்கினோம், ஏமாறவில்லை. அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கில், அபதானி மக்களின் வயல்களுக்கு நடுவே, 2012-இல் தொடங்கிய தனியிசைத் திருவிழாவுக்கு மூங்கிலால் மேடை கட்டுகிறார்கள். வடகிழக்கில் பணிபுரியும் நேயர்கள் நம்மைவிட அதற்கு அருகில் இருக்கிறார்கள், பொறாமையாக இருக்கிறது.

தமிழுக்கு என்ன செய்தி என்று கேட்பீர்கள். 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்திலிருந்து பெயர் பிறந்தது. பறையும் கிதாரும் வடசென்னைக் கானாவும் ஒரே மேடையில் கைகோத்தன. ஆண்களே பாடிவந்த கானாவை அக்குழுவில் இசைவாணி என்னும் பெண் பாடினார். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவைக் கேட்க நடுத்தர வகுப்பினர் சீட்டு வாங்கி அமர்ந்தது சிறிய விஷயமன்று.

அக்குழுவில் பாடிய அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சு 7-இல் வெளியிட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை அறியாதார் இலர். அதன் வேர் எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கானவரின் கதை அவருடையதும். பெயர்த்து நடப்பட்டவர்களின் பாட்டு அது. மாற்றல் உத்தரவுடன் வந்த நம் குடிப்பெயர்ச்சியை அதனுடன் ஒப்பிடுவது தகாது. எனினும் கேட்கும்போது நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் ஓடுகிறது.

படத்துக்கு வெளியே பிறந்ததால் அப்பாட்டுக்குத் தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. 2022-இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடுத் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அது பாடப்பட்டபோது, ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் எழுந்தது. 2024-இல், அதனால் தமக்கு ஒரு வருவாயும் வரவில்லை என்று இசையமைப்பாளர் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானவர் கேட்ட பாட்டின் நிலை இது. ஆயிரம் பேர் கேட்கும் பாட்டின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே 2024-இல் அறிவு 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பை வெளியிட்டார். தில்லியில் பிறந்து இந்தியில் சண்டையிடும் நம் மகன், "பேராண்டி என்றால் என்ன அப்பா?" என்று கேட்டது அதனால்தான். ஊரிலிருக்கும் பாட்டியைத் தொலைபேசியில் கேட்டுக்கொள் என்றோம். அன்று அரை மணி நேரம் பேசினார்கள்.

எதிர்வீட்டு அன்பர் ஓய்வுபெற்றுக் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பட்ட கடனைத் தீர்க்க, 'எஞ்சாயி எஞ்சாமி'யின் பொருளை இந்தியில் எழுதியனுப்ப முற்பட்டோம். இரண்டு மாலைகள் ஆயின. மற்றவை ஒருவாறு வந்தன. தலைப்பில் இருக்கும் 'என் சாமி' மட்டும் வரவில்லை. பாட்டி பேரனைக் கூப்பிடும் சாமி அது. கடவுள் என்று எழுதினால் கோயிலுக்குப் போய்விடும், குழந்தை என்று எழுதினால் பாதி போய்விடும். இடத்தை வெறுமையாக விட்டு, விளக்கம் மட்டும் எழுதி அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. "இதற்கா இவ்வளவு தவித்தீர்கள்? நாங்கள் பேரப்பிள்ளையை 'பாபா' என்றுதான் கூப்பிடுவோம். அப்பா என்று பொருள். அந்த இடத்தில் அதைப் போட்டுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தார்.