வேலை செய்ய இடம் கேட்போம்

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி எவ்வளவு என்று கேட்கக் கற்றுக்கொண்ட நாம், எங்கே உட்கார்ந்து வேலை செய்வது என்று கேட்க இன்னும் பழகவில்லை. இன்று அதைப் பேசுவோம்.

1959 மார்ச் 15 அன்று இதே மும்பையில், கிர்காவில் ஒரு மொட்டைமாடியில், 80 ரூபாய் கடன் வாங்கி ஏழு பெண்கள் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத். உழைக்கும் சகோதரிகளே அதன் உரிமையாளர்கள். முதல் ஆண்டு மழைக்காலத்தில் வெயிலின்றி நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு கட்டில்மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். இடமும் ஒரு தொழிற்கருவி என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்று அங்கே கிளையில் பிசைந்த மாவைச் சகோதரிகள் வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டு, மறுநாள் கொண்டுவந்து தருகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாம். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால், யாருக்காக அப்பளம் இட்டாலும், ஒற்றை அறையில் குடியிருப்பவள் என்ன செய்வாள்? பலகையை எடுத்து வைத்தால்தான் பிள்ளை படிக்க இடம். நம் தாராவிச் சந்துகளில் கவிழ்த்த பிரம்புக் கூடைகள்மேல் அப்பளம் காய்வதை அன்றாடம் காண்கிறோம். அவளுடைய முதுகுவலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கண்ணூரைப் பாருங்கள். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் காற்றோட்டம், குடிநீர், கழிப்பிடம், குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அதைக் கேரளம் செயல்படுத்த முனைந்ததும் தனியார் கம்பெனிகள் கதவை மூடின. வேலையிழந்தவர்களுக்காக 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. கூடத்தில் எல்லோரும் வரிசையாக அமர்ந்து பீடி சுற்ற, ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். படித்தவரின் கூலியை மற்றவர்கள் ஈடுசெய்தார்கள். புகையிலைத் தூள் அங்கும் நெஞ்சை அரித்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் ஒருவரின் இருமல் பக்கத்திலிருப்பவர் காதில் விழுந்தது. வீட்டில் தனித்து இருமுகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்?

தாராவியை இடித்துக் கட்டுவது பற்றிப் பேசுகிறவர்கள் குடியிருக்கும் அறைக்குச் சதுர அடி சொல்கிறார்கள். நாம் மூன்றைச் சேர்த்துக் கேட்போம்: காற்றோட்டமுள்ள பொதுக்கூடம், வெயில் படும் உலர்த்துமிடம், பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம். கைகள் நம்முடையவை, அவை உழைக்கும் இடத்துக்கும் நாமே குரல் கொடுப்போம்!