லேப்டாப் ஆன் ஆகலையா? ஃபார்மட்டுக்கு ‘சரி’ சொல்றதுக்கு முன்னாடி



இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் ஆம்பூர்ல இருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். ஷூ கம்பெனி ஒண்ணுல எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் பார்க்கிற தம்பி. ஒரு வாரமா அவரோட லேப்டாப், வேலை செஞ்சுட்டு இருக்கும்போதே பொட்டுனு அணைஞ்சிருக்கு. கடைசியில சுத்தமா ஸ்கிரீன் வரல. கடையில கேட்டா, “ஃபார்மட் பண்ணிடலாம்”னு சொல்லியிருக்காங்க. பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். “அண்ணா, குடுக்கலாமா?”

நான் சொன்னது: குடுக்கலாம், ஆனா ஃபார்மட்டுக்கு இப்போ சரி சொல்லாதீங்க. ஃபார்மட் விண்டோஸ்ல இருக்கிற சிக்கலை மட்டும்தான் தீர்க்கும். லேப்டாப் திடீர்னு அணையறதுக்கும், ஸ்கிரீன் வராததுக்கும் பெரும்பாலும் ஹார்டுவேர்தான் காரணம். நோய் அப்படியே இருக்கும், ஃபைல் மட்டும் போயிடும்.

முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: லேப்டாப் எந்தப் படியில நிக்குது? பவர் பட்டனை அழுத்தினதும் நாலு விஷயம் வரிசையா நடக்கும். கரண்ட் போர்டுக்குப் போகும். பயாஸ், ரேமையும் மத்த பாகங்களையும் சோதிக்கும். அப்புறம் எஸ்எஸ்டியில இருந்து விண்டோஸைத் தூக்கும். கடைசியா விண்டோஸ் தன் டிரைவர்களை ஏத்திக்கிட்டு லாகின் ஸ்கிரீன் காட்டும்.

முதல் படி. ஒரு லைட் கூட வரலைன்னா, வேற பிளக் பாயிண்ட், முடிஞ்சா அதே வாட்டேஜ்ல வேற சார்ஜர் போட்டுப் பாருங்க. அப்புறம் சார்ஜரைக் கழட்டிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிங்க. போர்டுல தங்கியிருக்கிற மிச்ச சார்ஜ் வடிஞ்சிடும். திரும்ப சார்ஜர் போட்டு ஆன் பண்ணுங்க. நிறைய ‘செத்துப் போன’ லேப்டாப் இதுலயே எழுந்திருக்கும். டச்பேட் மேல தூக்கிட்டு வந்திருந்தா மட்டும் எதுவும் செய்யாதீங்க. அது பேட்டரி உப்பினதுக்கான அறிகுறி. சார்ஜ் போடாம நேரா டெக்னீஷியன்கிட்ட கொண்டு போங்க.

ரெண்டாவது படி. லைட் எரியுது, ஃபேன் ஓடுது, ஸ்கிரீன் கறுப்பு. கேப்ஸ் லாக் அழுத்துங்க. அதோட லைட் எரிஞ்சு அணைஞ்சா மெஷின் உயிரோடதான் இருக்கு, பிரச்சினை ஸ்கிரீன்ல இருக்கலாம். எச்டிஎம்ஐ கேபிள்ல டிவியோட இணைச்சுப் பாருங்க. கேப்ஸ் லாக் அசையவே இல்லைன்னா, முதல் சந்தேகம் ரேம் மேல. சில மாடல்கள்ல லைட் இத்தனை தடவை மின்னினா இந்தக் கோளாறுன்னு கணக்கே இருக்கு. அதை எண்ணி எழுதி வச்சுக்கோங்க, டெக்னீஷியனுக்கு அது பெரிய உதவி.

மூணாவது, நாலாவது படி. கம்பெனி லோகோ வருது, அதுக்கு மேல போகல, இல்ல நீல ஸ்கிரீன் வருது. இங்கதான் எஸ்எஸ்டியா விண்டோஸான்னு பிரிக்கணும். டெல்லுன்னா ஆன் ஆகும்போது எஃப்12, எச்பின்னா எஃப்2 அழுத்தினா டயக்னாஸ்டிக்ஸ் கிடைக்கும். அங்க எஸ்எஸ்டியே தெரியலைன்னா ஃபார்மட் பேச்சுக்கே இடமில்லை. எஸ்எஸ்டி நல்லா இருக்குன்னு வந்தா, விண்டோஸ் லோட் ஆகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ரெண்டு மூணு தடவை அணைங்க. ரிக்கவரி ஸ்கிரீன் தானா வரும். அதுல ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குறது, சேஃப் மோடு எல்லாம் இருக்கு.

சேஃப் மோடு எவ்வளவு முக்கியம்னு 2024 ஜூலை 19 அன்னிக்கு உலகமே பார்த்துச்சு. கிரவுட்ஸ்ட்ரைக் செக்யூரிட்டி மென்பொருளோட ஒரு பழுதான அப்டேட்ல, சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீல ஸ்கிரீன்ல மாட்டிக்கிச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்கள்லயே போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. ஹார்டுவேர்ல ஒரு கோளாறும் இல்ல. சேஃப் மோடுக்குப் போய் ஒரு ஃபைலை நீக்கினா போதும். ஆனா நிறைய கம்பெனிகள்ல அதுக்கு நாள் கணக்கா ஆச்சு. ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒருத்தர் போய் உட்கார வேண்டியிருந்தது, பல இடத்துல பிட்லாக்கர் கீயும் கைவசம் இல்ல. அந்தக் கீ பத்தி கடைசியில சொல்றேன்.

இப்போ நம்ம தம்பி கேஸ். வேலை செய்யும்போதே அணையறது அவரோட முதல் அறிகுறி. அதுக்கு நம்ம ஊரைக் கொஞ்சம் பார்க்கணும்.

பெரும்பாலான லேப்டாப்கள் 35 டிகிரி வரைக்கும் இருக்கிற அறை வெப்பத்துக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கு. வேலூர்ல மே மாசம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஷீட் போட்ட ரூம்னா கேட்கவே வேண்டாம். பிராசசர் கிட்டத்தட்ட 100 டிகிரி தொட்டா முதல்ல வேகத்தைக் குறைக்கும், அப்பவும் சூடு அடங்கலைன்னா தன்னைக் காப்பாத்திக்க அப்படியே அணைஞ்சிடும். விண்டோஸுக்குக் காரணம் எழுதி வைக்கக்கூட நேரம் இருக்காது. ஈவன்ட் வியூவர்ல ‘கெர்னல்-பவர் 41’னு மட்டும் இருக்கும். அதுக்கு அர்த்தம், ‘ஒழுங்கா ஷட்டவுன் ஆகல’ங்கிறது மட்டும்தான்.

அடுத்து தூசி. லெதரை பஃபிங் பண்ற இடத்துல மாவு மாதிரி நைஸ் தூள் பறக்கும். ஃபேன் அதை இழுத்து ஹீட்சிங்க் முன்னாடி மெத்தை மாதிரி அடைச்சிடும். காத்து போக வழி இருக்காது. இதைச் சுத்தம் பண்ணும்போது மூக்குல மாஸ்க் போடுங்க, வீட்டுக்குள்ள ஊதாதீங்க. குரோம் டேனிங் பண்ணின தோலோட தூள்ல குரோமியம் இருக்கும்.

மூணாவது விஷயம் காத்து. டேனரியில தோல்ல இருக்கிற முடியை நீக்க, சுண்ணாம்போட சோடியம் சல்பைடு சேர்ப்பாங்க. அந்தக் கழிவுநீர்ல அமிலம் கலந்தா ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகின முட்டை நாத்தம் அதுதான். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கிறதும் இந்த மாதிரி சல்ஃபர்தான். போர்டுல இருக்கிற குட்டி ரெசிஸ்டர்கள்லயும் வெள்ளி இருக்கு, டிராக் எல்லாம் செம்பு. சல்ஃபர் ரெண்டையும் அரிக்கும். ஈரப்பதம் சேர்ந்தா இன்னும் வேகமா. அதனால டேனரிக்குப் பக்கத்துல இருக்கிற ஆபீஸ்ல, லேப்டாப்பை ராத்திரி திறந்தபடி விடாதீங்க. மூடி, பைக்குள்ள வைங்க.

தம்பியோட லேப்டாப்ல கேப்ஸ் லாக் அசையல. ரேமைக் கழட்டி, முனைகளைத் துடைச்சுத் திரும்பப் போடச் சொன்னேன். பக்கத்துல உட்கார்ந்து பார்க்கவும் சொன்னேன். ஸ்கிரீன் வந்துச்சு. முதல் வேலையா ஃபைலையெல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணிட்டார். அப்புறம் ஃபேனைத் திறந்தா தூசி மெத்தை. சுத்தம் பண்ணி, தெர்மல் பேஸ்ட் மாத்தினாங்க. ஃபார்மட் தேவைப்படவே இல்ல.

எல்லாருக்கும் இப்படி முடியும்னு இல்ல. விண்டோஸ் எழவே மாட்டேங்குதுன்னா, நண்பர் லேப்டாப்ல உபுண்டு பென்டிரைவ் ஒண்ணு தயார் பண்ணுங்க. அதுல பூட் பண்ணி, ‘இன்ஸ்டால்’ தொடாம, ‘ட்ரை’ மட்டும் குடுத்து ஃபைலை எடுத்துடலாம். ஸ்கூல்ல அரசு குடுத்த லேப்டாப்ல போஸ் லினக்ஸ் பார்த்த தலைமுறை நாம, பயப்படத் தேவையில்ல. பழைய ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’னு சத்தம் போட்டா மட்டும் திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவையும் டேட்டா கிடைக்கிற வாய்ப்பு குறையும்.

இப்போ பிட்லாக்கர். புது விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணியிருந்தா, உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். லேப்டாப் சாவிக்குக் கேட்கிற நாள்ல, 48 இலக்க கீ இல்லைன்னா எந்த டெக்னீஷியனாலயும் ஃபைலை எடுக்க முடியாது. லினக்ஸ் பென்டிரைவும் உதவாது.

அதனால ரெண்டு வேலை. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி அந்தக் கீயைப் பார்த்து, ஒரு நோட்டுல எழுதி வைங்க. அந்த லேப்டாப்புக்குள்ளயே சேவ் பண்ணாதீங்க. அப்புறம், போனா திரும்பக் கிடைக்காத ஃபோல்டரை வெளியே ஒரு டிஸ்க்ல காப்பி பண்ணுங்க. சர்வீஸுக்குக் குடுக்கிற அன்னிக்கு, ஜாப் ஷீட்ல ‘டேட்டா தேவை, கேட்காம ஃபார்மட் பண்ணக் கூடாது’ன்னு எழுதி வாங்கிக்கோங்க. போர்டு போனா காசு குடுத்து வேற வாங்கிக்கலாம். தம்பியோட இன்வாய்ஸ் எந்தக் கடையிலயும் விக்கிறதில்ல.

உங்க லேப்டாப் எந்தப் படியில நிக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.