மச்சப் பலகையும் மரக்கறிப் பலகையும்



இம்மாதம் சலாது பற்றிப் பேசப்போகிறேன். "இதென்ன பெரிய விஷயம், கெக்கரிக்காயை வெட்டி உப்புப் போட்டால் முடிந்தது" என்று சிலர் நினைக்கலாம். கறியென்றால் அடுப்பு நமக்காக வேலை செய்யும். கை கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் கொதி சரிசெய்துவிடும். சலாதுக்கு அடுப்பு இல்லை. பலகையில் என்ன இருந்ததோ அது நேரே பிள்ளையின் வாய்க்குப் போகிறது.

ஊரில் பல வீடுகளில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. மீனைச் சாம்பல் தொட்டு வெட்டுவது வீட்டின் பின்பக்கம், மரக்கறி அரிவது அடுப்படிக்குள். விரதத்துக்காக வந்த வழக்கம்தான். ஆனாலும் பச்சை மீன் பட்ட கத்தி வெங்காயத்தில் படாமல் அது காத்தது. ஒக்லாந்துக்கு வந்த புதிதில் நம்மில் பலருக்கு இருந்தது ஒரு சின்னக் குசினி, ஒரு கத்தி, ஒரு பலகை. வீடு பெரிதான பிறகும் அந்த ஒற்றைப் பலகைப் பழக்கம் போகவில்லை. விருந்துக்குப் போகும் இடங்களில் பார்க்கிறேன்.

இது சும்மா பயமுறுத்தும் கதை அல்ல. கம்பிலோபக்டர் என்ற கிருமியால் வரும் வயிற்றோட்டம் நியூசிலாந்தில் 2006-இல் மட்டும் 15,000 பேருக்கு மேல் பதிவானது. பெரும்பங்கு கோழியிறைச்சியால் வந்தது. கோழித் தொழிலுக்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் 2008-க்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. கோழியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும். கோழி வெட்டிய பலகையில் தக்காளியை வெட்டினால்? வருத்தம் தெரிவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்கள் கழித்து. அதனால் சலாதை யாரும் சந்தேகிப்பதில்லை.

இன்னொன்று, அம்மாமார் கோபிக்கக்கூடாது. கோழியைக் குழாயின் கீழ் பிடித்து மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவுகிறோமே, அப்போது தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கிறது. பக்கத்தில் அரிந்த சலாது திறந்தபடி இருக்கிறது. கோழியைக் கழுவவே வேண்டாம் என்பதுதான் இங்குள்ள உணவுத் துறையினரின் ஆலோசனை. மஞ்சளையும் தேசிக்காய்ப் புளியையும் சட்டியிலேயே பிரட்டினால் ருசி குறையாது. கேட்கமாட்டேன் என்பவர்கள், சலாதை முதலில் வெட்டி மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டாவது கோழியைத் தொடுங்கள். பிறகு தொட்டியைச் சவர்க்காரம் போட்டுச் சுடுநீரில் கழுவுங்கள்.

ஆகவே இரண்டு பலகை வாங்குங்கள், நிறம் வேறாக. ஆச்சியிடம் "இது மச்சப் பலகை" என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை. பேரப்பிள்ளைக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மரக்கறியும் மண்ணிலிருந்து வருவதுதான். 2014-இல் இந்த நாட்டில் யெர்சினியா என்ற கிருமி 200-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தபோது சந்தேகம் விழுந்தது சலாது இலையிலும் கரட்டிலும். 2018-இல் அவுஸ்திரேலியாவில் முலாம்பழத்தால் லிஸ்டீரியா பரவி ஏழு பேர் இறந்தார்கள். தோலை எறியத்தானே போகிறோம் என்று பழத்தைக் கழுவாமல் வெட்டினால், தோலில் உள்ளதைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். தோல் சொரசொரப்பான பழத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் வளரும். எனவே கர்ப்பிணிப் பெண்கள் கடையில் வெட்டி வைத்த சலாதைத் தவிர்க்கவேண்டும். வீட்டில் நன்றாகக் கழுவி அரிந்ததை உடனே சாப்பிடலாம்.

இனி வெட்டு. கோவாவை நூல்போல அரியுங்கள், தடித்தால் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். சிவப்பு வெங்காயத்தை மெல்லிய வளையமாக்கி உப்புப் போட்டுப் பிசறி, பத்து நிமிடத்தில் பிழிந்தெடுத்தால் காரம் அடங்கும். கெக்கரிக்காயும் தக்காளியும் உப்புப் பட்டால் தண்ணீர் விடும். அதற்கு உப்பும் புளியும் மேசைக்குப் போகும்போதுதான். வல்லாரை கிடைக்காத வாரத்தில் பார்ஸ்லியைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளியோடு சம்பல் போடுங்கள். வல்லாரை ஆகாது, ஆனாலும் சோற்றோடு போகும். ஆனைக்கொய்யா வெட்டியதும் கறுப்பதைத் தேசிக்காய்ப் புளி தாமதப்படுத்தும்.

இலையுதிர் காலத்தில் அயலவர்கள் வாளி வாளியாகத் தரும் ஃபிஜோவாவுக்கு என்ன செய்வதென்று ஒரு நேயர் கேட்டிருந்தார். அது கொய்யாவின் குடும்பம்தான், மணத்திலேயே தெரியும். வெள்ளைக்காரர் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுவார்கள். நான் தோலைச் சீவி, துண்டாக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் துளி சீனியும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டுவேன். ஊரில் மாங்காய் அச்சாறு தின்ற நாக்குக்கு அது பிடிக்கும். வெட்டிய கையோடு சாப்பிடுங்கள், வைத்தால் கறுக்கும்.