சலக்கடுப்பு: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

(இறம்பொடையில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் நிறுவையில் கழிப்பதைப் பற்றியும் நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று சலக்கடுப்பைப் பற்றிப் பேசுவோம். ஆண்கள் இருக்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான்.

காலையில் பிரட்டுக்குப் போனால் மாலை நிறுவை முடியும் வரை மலையில் நிற்கிறோம். அங்கே கழிப்பறை இல்லை. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம், வந்ததையும் அடக்கிக்கொள்கிறோம். பெண்களுக்குச் சலம் வெளியேறும் குழாய் குட்டையானது. குடலில் உள்ள கிருமி அதன் வழியே சலப்பைக்கு ஏறுவது சுலபம். நேரத்துக்குச் சலம் போனால் கிருமி கழுவுப்பட்டுப் போகும். அடக்கினால் உள்ளேயே இருந்து பெருகும்.

எரிவு வந்தால் என்ன செய்கிறோம்? போன தடவை மீந்த மாத்திரையைப் போடுகிறோம். இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவில் இரண்டு வாங்கிப் போடுகிறோம். எரிவு நிற்கிறது, சில வாரத்தில் திரும்ப வருகிறது. பேரை விட்டு வைத்தியசாலைக்குப் போனாலும், என்ன சோதனை செய்தார்கள், அது என்ன சொன்னது என்று தெரியாமலே திரும்புகிறோம். சோதனைகள் மூன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முதலாவது, சலத்தில் தோய்க்கும் பட்டி. ஸ்ட்ரிப் என்பார்கள். இரண்டு நிமிடத்தில் நிறம் மாறும். அதில் இரண்டு கட்டங்கள் நமக்கு முக்கியம். ஒன்று வெள்ளை அணுக்கள் வந்திருக்கின்றனவா என்று காட்டும். மற்றது நைத்திரைற்று, பல கிருமிகள் சலத்தில் உண்டாக்கும் பொருள் அது. நைத்திரைற்று இருந்தால் கிருமி இருப்பது பெரும்பாலும் உறுதி. ஆனால் இல்லையென்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. அது உண்டாகச் சலம் சுமார் நாலு மணி நேரம் சலப்பையில் தங்க வேண்டும். கடுப்பு கூடியவர் கால் மணிக்கு ஒரு தடவை போவார். அவருடைய பட்டியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே காலையில் எழுந்ததும் போகும் சலமே இதற்கு நல்லது. இன்னொன்று: பட்டியின் டப்பாவை இறுக மூடி வைக்க வேண்டும். நம் பக்கத்துப் பனியும் ஈரமும் பட்டால் பட்டி பழுதாகிப் பொய் சொல்லும்.

இரண்டாவது, யூ.எப்.ஆர். சலத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. சீழ் அணு, இரத்த அணு எவ்வளவு என்று எழுதுவார்கள். சீழ் அணு கூடினால் அழற்சி இருக்கிறது என்று தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரியாது. எபிதீலியல் அணுக்கள் நிறைய என்று வந்தால், சலம் எடுத்தபோது தோலில் உள்ளது கலந்துவிட்டது என்று பொருள். திரும்பக் கொடுப்பது நல்லது.

மூன்றாவது, கல்ச்சர். சலத்தில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து அதைக் கொல்கிறது என்று பார்ப்பார்கள். துண்டில் ஏ.பி.எஸ்.டி என்று எழுதியிருப்பது அந்த மருந்துச் சோதனைதான். இரண்டு மூன்று நாள் செல்லும். ஒரு மில்லிலீற்றரில் 100,000 கிருமி இருந்தால் நோய் என்ற கணக்கை 1956இல் அமெரிக்காவில் எட்வர்ட் காஸ் என்ற வைத்தியர் வகுத்தார். எரிவோடு வரும் பெண்ணுக்கு 100 இருந்தாலும் நோயாக இருக்கலாம் என்று 1982இல் வோல்டர் ஸ்டாம் என்பவரின் குழு காட்டியது. எனவே எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. உங்கள் உடம்பில் என்ன செய்கிறது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் கல்ச்சர் தேவையில்லை. முதல் தடவை எரிவு வரும் ஆரோக்கியமான பெண்ணுக்கு அறிகுறியும் பட்டியும் போதும். திரும்பத் திரும்ப வருபவர், மருந்துக்குக் கேட்காதவர், காய்ச்சல் உள்ளவர், சீனி வியாதிக்காரர், ஆண்கள், பிள்ளைகள் ஆகியோருக்குக் கல்ச்சர் செய்ய வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு எரிவே இல்லாவிட்டாலும் வேண்டும். கர்ப்ப காலத்தில் கிருமி சத்தமில்லாமல் இருந்து சிறுநீரகத்துக்கு ஏறலாம். குறைமாதப் பிரசவமும் ஆகலாம். இதைக் கண்டுபிடிக்கக் கல்ச்சரே ஏற்ற முறை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. கல்ச்சர் வசதி இல்லாத இடத்திலும், பட்டியைவிடச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே மேல் என்றது. கிளினிக்கில் பட்டி வைத்துப் பார்த்தால், "கல்ச்சரும் உண்டா, மிஸ்?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

சலம் கொடுக்கும் விதம் சரியில்லாவிட்டால் மூன்று சோதனையும் வீண். தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். வைத்தியசாலை தரும் போத்தலிலேயே பிடியுங்கள். ஜாம் போத்தல், மருந்துப் போத்தல் வேண்டாம். கல்ச்சருக்கு மருந்து தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். ஒரு மாத்திரை போட்டாலும் கிருமி வளராமல் போகலாம். விடியற்காலையில் லயத்தில் பிடித்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் கொண்டுபோனால், வழியிலேயே கிருமி பெருகி, இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும். போன இடத்திலேயே கொடுப்பதுதான் நல்லது.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் எந்த முடிவுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அது சிறுநீரகத்தில் ஏறிய நோய்.

இதில் நாம் செய்ய வேண்டியது பாதிதான். மீதி நிர்வாகம் செய்ய வேண்டியது. தோட்டத் தொழிலாளிக்கு வைத்திய வசதி கொடுக்க வேண்டும் என்று 1912இலேயே கட்டளைச் சட்டம் வந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. கைகள் மாறின, மலையில் ஒதுங்க இடம் வரவில்லை. ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு கொழுந்து மலைக்கும் கழிப்பறையும் குடிதண்ணீரும். ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் காலாவதியாகாத பட்டி. கல்ச்சர் சலத்தைக் குளிர்ப்பெட்டியில் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஒழுங்கு. கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் வெட்டாமை. முடிவைத் தமிழில் விளங்கப்படுத்தல்; 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

தலைவர்மாரே, அடுத்த தடவை துரையைச் சந்திக்கப் போகும்போது மாதர் சங்கத் தலைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கழிப்பறை எந்த மலையில், எந்த இடத்தில் வேண்டும் என்று அவர் சொல்லட்டும். அந்த மலையில் நாள் முழுவதும் நிற்பவர் அவர்தான்.