வேலையிலிருந்து வேலை பிறக்கும் ஊர்



நகரத்தைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி 782 அடிகளில் ஒரு நகரத்தைக் காட்டுகிறது. அரண்மனையை வருணிப்பதோடு அது நின்றுவிடவில்லை. நாளங்காடியில் தொடங்கி அல்லங்காடி வழியாக யாமங்கள் கழிந்து விடியும்வரை, எந்தப் பொழுதில் எவர் தெருவில் நடமாடுகின்றனர் என்பதையே வரிசைப்படுத்துகிறது. நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961இல் வெளியிட்ட நூலிலும் காலைமுதல் இரவுவரை தம் தெருவில் நிகழ்வனவற்றை இவ்வாறே எழுதிச் செல்கிறார். கட்டடங்களின் தொகுதியை நகரம் எனக் கொள்ளாமல், ஒன்றையொன்று சார்ந்த செயல்களின் பின்னலை நகரம் எனக் கண்ட பார்வை இருவருக்கும் பொது.

அந்நூலின் இறுதி இயலில் வாரன் வீவர் என்னும் அறிவியலாளர் 1948இல் செய்த பாகுபாட்டை ஜேக்கப்ஸ் எடுத்தாள்கிறார். இரண்டொரு காரணங்களால் விளங்கிவிடும் சிக்கல் ஒருவகை. எண்ணிறந்த துகள்களைச் சராசரி கொண்டு அளக்கும் சிக்கல் மற்றொருவகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, பல காரணங்கள் ஒழுங்காகப் பின்னிக் கிடப்பது மூன்றாம் வகை. உயிரினம் அத்தகையது, நகரமும் அத்தகையதே என்பது அவர் துணிபு. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க நியூயார்க்குக்குச் செல்ல வேண்டியதில்லை. சாத்தூர் வழியாகச் சிவகாசிக்குச் சென்றாலே போதும்.

வானம் பார்த்த கரிசல் பூமி, ஆற்றுப்பாசனம் இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இயந்திரத்தை நம்பித் தொடங்கிய தொழில், கைவேலையால்தான் நிலைபெற்றது. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் மழையற்ற ஊர்களில் கைகள் மிகுதியாயிருந்தன. தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டும். அதற்காக அச்சகம் வந்தது. வண்ண மத்தாப்புத் தீக்குச்சியிலிருந்து பட்டாசுக்கு ஓரடிதான் தூரம். உலகப்போரால் அயல்நாட்டு வரத்துக் குன்றிய 1940இல் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. பட்டாசுக்கும் உறையும் சீட்டும் தேவை. ஆகவே அச்சகம் பெருகியது. பெருகிய அச்சகம் சும்மா இருக்குமா? நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல் என வேலை தேடிக்கொண்டது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகள் வெளிவருவது இன்றும் ஊர் வழக்கம். பழைய வேலையின் விளிம்பில் புதிய வேலை முளைப்பதே நகர வளர்ச்சி என ஜேக்கப்ஸ் 1969இல் எழுதினார். அதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நேரு 'குட்டி ஜப்பான்' என்றதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்வது போதாது.

விருதுநகரின் கதை வேறு. அது பண்டகசாலைகளின் ஊர். வத்தலும் பருப்பும் எண்ணெயும் விலைபேசும் ஊர். வணிகத்தில் பிரித்த மகமையும் வீடுதோறும் எடுத்த பிடியரிசியும் அங்கே பள்ளிக்கூடமாயின. மன்னர் ஆணையோ திட்டக்குழுவோ அதற்குத் தேவைப்படவில்லை.

இத்தகைய பின்னலில் ஓரிழையை இழுத்தால் எங்கோ ஓர் இழை அசையும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. இரண்டும் மிக வேண்டியனவே. ஆயினும் ஆலைவாயில் அடைபட்டபோது வேலையின் ஒருபகுதி வீட்டுத் திண்ணைக்குப் பெயர்ந்தது. அங்கே எந்த ஆய்வாளரும் எட்டிப்பார்ப்பதில்லை. 2018 அக்டோபரில் காற்று மாசு குறித்த வழக்கில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதிக்கப்பட்டது. தில்லிக் குழந்தைகளின் மூச்சுக்காக எழுந்த ஆணை, வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் சரம் பின்னிய பெண்களின் கூலியில் போய் விழுந்தது. தில்லியின் மூச்சும் நியாயம், இவர்களின் உலையும் நியாயம். ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பாடுவது எளிது. அதைத்தான் பலரும் செய்து வருகின்றனர்.

விபத்தும் இவ்வாறே நோக்கற்பாலது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது, அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்பன விதிகள். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவிகிறது. உள்குத்தகை நுழைகிறது. அறையில் ஆள் கூடுகிறது. இடைவெளியில் மரத்தடி வேலை நடக்கிறது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சிறு மீறல்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் அவை யாவும் ஒன்றுகூடின. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அவ்வாலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காக்கவும் என்னவென்று பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்தினர். ஊரைக் கட்டிவைத்திருக்கும் அந்த உறவே அவர்களைத் தீயருகே இழுத்துச் சென்றது. பலியெண்ணிக்கை மட்டும் சொல்லும் செய்தித்தாளில் இவ்வுண்மைக்கு இடமில்லை. கவிதைக்கு இடமுண்டு, ஆனால் வெடித்த மறுநாள் எழுதப்படும் இரங்கற்பாவில் இது அரிதாகவே வருகிறது.

சிவகாசிக்கு ஒரு மதுரைக்காஞ்சி இன்னும் எழுதப்படவில்லை. எழுத வருபவர் பொழுதுகளை அறிந்திருக்க வேண்டும். இருள் பிரியுமுன் தூக்குவாளியோடு ஆலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டிய மருந்துக் கலவை. நண்பகலில் அச்சகத்தின் மை வாடை. மாலையில் திரும்பும் பேருந்தின் சன்னல் கம்பியைப் பற்றிய, அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாய் மின்னும் விரல்கள்.